துக்க வீட்டில் ஸ்பானிஷ் பரீட்சை

மாமியார் செத்த பன்னிரண்டாம் நாள் ஸ்பானிஷ் பரீட்சைக்கு உட்கார்ந்த மருமகள் நல்லம்பள்ளி வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (பெருமை இல்லை, வெட்கக்கேடு.)

பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஸ்பானிஷில் இரண்டாம் நிலை பாஸானால்தான் வேலை நிரந்தரம் என்றுவிட்டார்கள். முதல் நிலை வணக்கம், பெயர், ஊர் என்று ஓடிவிட்டது. இரண்டாவதில் இறந்தகாலமே இரண்டு. ஒருமுறை நடந்து முடிந்ததற்கு ஒன்று, தினமும் நடந்துகொண்டிருந்ததற்கு இன்னொன்று. அந்த இரண்டாவதின் ஆறு விகுதிகளைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதியிருந்தேன். அத்தை மொச்சை உரித்தபடியே நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்லுவார்.

"ஆபா, ஆபாஸ், ஆபா..."

"நாலாவது எங்கம்மா போச்சு? இந்த லட்சணத்துல உனக்கு ஆபீசு வேற."

ஒருநாள்கூட நான் ஆறையும் முழுசாக ஒப்பித்ததில்லை. திடீரென்று ஒரு காலையில் மாரடைப்பில் அத்தை போய்விட்டார். தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம். அத்தைக்காகவாவது பாஸாகியே தீருவேன் என்று எனக்கொரு வீம்பு.

உள்ளறையில் லேப்டாப்பைத் திறந்தேன். தினமும் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொன்னார், திரையில் பரீட்சை எடுத்த ஸ்பெயின்காரம்மா. அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார், என்னைத் திட்டிக்கொண்டிருந்தார் என்று இரண்டு வாக்கியம் சரியாகவே வந்தது. மூன்றாவதில் அழுதுவிட்டேன். அந்தம்மாவுக்கும் கண் கலங்கியது.

அந்நேரம் பார்த்து, அத்தையின் தங்கை பாப்பாரப்பட்டிச் சின்னத்தை கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். துக்கத்துக்கு வந்தவர் கட்டிக்கொண்டால் நாமும் சேர்ந்து அழத்தான் வேண்டும். பரீட்சை நடக்கிறது என்று சொல்ல முடியுமா? அழுது முடித்தவர் திரையைப் பார்த்தார். கலங்கிய கண்ணோடு ஒரு வெள்ளைக்காரம்மா. வீடியோவில் துக்கம் கேட்க வந்தவர் என்றே முடிவு கட்டிக் கும்பிட்டார். அந்தம்மாவும் பதிலுக்குக் கும்பிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சொல்லிக்க வேணாங்க. துக்க வூட்ல சொல்லிக்கிட்டுப் போவக் கூடாதுங்க" என்று சின்னத்தை லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டார்.

பாதியில் வெளியேறியதாகப் பதிவாகி நான் ஃபெயில்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது பேச்சின் நடுவே போனை வைத்தால், "ஸ்பெயின்காரம்மா போயிட்டாங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். (முதலில் சிரிப்பது சின்னத்தைதான்.) நானும் சிரிப்பேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து பாஸானேன். அன்றைக்குத்தான் அந்த நோட்டை எடுக்கத் தைரியம் வந்தது. நாலாவது விகுதிக்குப் பக்கத்தில் அத்தை சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, 'நாளைக்குக் கேப்பேன்' என்று எழுதியிருந்தார்.

அடுப்படியில் நின்று ஆறையும் சத்தமாக, முழுசாக ஒப்பித்தேன். கேட்கத்தான் ஆளில்லை.