ஹெபுகா மாமன்னர் எழுந்தருளினார்

"அப்பா, செத்துப்போன ராஜா பார்லியை எப்படி மெல்லுவாரு?"

ஆறு வயது மெரெத் இருமலுக்கு நடுவே கேட்டாள். சென்பி அவளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். தோளில் விதைப் பார்லி மூட்டை இருந்தது.

அப்ஜு என்ற ஊரில் ஆதி அரசர்களின் கல்லறைகளுக்கு முன்னால் ஈ நுழைய இடமில்லை. வெள்ளம் வடிந்துவிட்டது, விதைக்க வேண்டிய நாள். ஊரோ குறி சொல்லும் தெத்துவின் பெரிய பானையைச் சுற்றி நின்றது. அதற்குள் ஆதி அரசர்கள் வந்து பேசுகிறார்களாம். பல்வலிக்கு முதலாமவர், மாமியார் தொல்லைக்கு இரண்டாமவர். உயிரோடு ஆண்டபோது இத்தனை வேலை பார்த்தார்களா, தெரியாது.

தெத்து பானையிலிருந்து தலையை எடுத்தான். "மூணாவது ராஜாவுக்குக் கோபம்! உன் தாத்தன் அவர் கல்லறை நிழல்ல குறட்டை விட்டிருக்கான். மூட்டையை இறக்கு, பொண்ணுக்கு இருமல் நிக்கும்."

"இதைக் கொடுத்துட்டா எதை சாமி விதைக்கிறது?"

"நம்பிக்கையை விதை!"

சென்பி மூட்டையை இறக்கினான். அதன் வாயை ஒரு கை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு இபுத். தண்ணீர் சுமந்து விற்பவள்.

"கொஞ்சம் பொறு அண்ணே. சாமி, ஹெபுகா மாமன்னருக்கு என்மேல கோபமா? கேட்டுச் சொல்லுங்க."

பழைய அரசர் ஒருவரைத் தெரியாது என்று சொல்வதைவிட அம்மணமாய் நடக்கலாம் என்று நினைக்கும் ஊர் அது.

"ஹெபுகாவா! அவருக்குச் செருப்புத் தூக்கினதே எங்க பூட்டன்தான்" என்றார் ஒரு கிழவர்.

"செருப்பா? அவரு வெறுங்காலோட நடந்தவருய்யா!" என்றார் இன்னொருவர்.

தெத்து பானைக்குள் தலையை விட்டான். "வந்துட்டாரு! ஆயிரம் எதிரியை மிதிச்ச காலு! ரொம்பப் பசியோட இருக்காரு! உரக்கக் கூப்பிடுங்க!"

"ஹெபுகா! ஹெபுகா!"

மாமன்னர் வந்தார். அறுந்த கயிறு பின்னால் இழுபட, இரண்டு தண்ணீர்ச் சாடிகள் இருபக்கமும் ஆட, கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து காணிக்கைப் பார்லியில் வாயை வைத்தார். பிறகு தலை தூக்கிக் கத்தினார். பானைக்குள் திடுக்கிட்ட தெத்துவின் தலை அங்கேயே சிக்கிக்கொண்டது.

"யாரு கழுதைம்மா இது?"

"என்னோடதுதான். ஹெபுகான்னு பேரு வெச்சதும் நான்தான். அந்தப் பேர்ல ஒரு ராஜாவும் இருந்ததில்ல."

சிரிப்பு கல்லறைகளில் மோதித் திரும்பியது. பானையைத் தலையில் மாட்டியபடியே தெத்து ஓடினான். செருப்புத் தூக்கியவரின் வாரிசு மட்டும் கழுதையின் காலில் விழுந்தார்; எதற்கும் இருக்கட்டும் என்று.

"எந்திரிங்க பெரியவரே. கடவுள் தலையைக் கொடுத்தது பானைக்குள்ள விடுறதுக்கு இல்ல, யோசிக்கிறதுக்கு" என்றாள் இபுத். சென்பியிடம் திரும்பினாள். "பிள்ளைக்குச் சூடாப் பால்ல தேன் கலந்து கொடு அண்ணே. போய் விதைக்கிற வேலையைப் பாரு."

அவன் விதைத்தான். மெரெத்தின் இருமலும் மெல்லத் தணிந்தது. இபுத் அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு நண்பகல், அவள் ஆற்றுக்குத் துவைக்கப் போயிருந்தாள். சென்பி ஒரு கட்டுப் பசும்புல்லைக் கழுதைக்கு முன் போட்டான். சாடி உராய்ந்து அதன் விலாவில் புண்ணாகியிருந்த இடத்தைக் கழுவி, எண்ணெய் தடவினான். அவள் திரும்புவதற்குள் போய்விட்டான்.