கதிரையில் இருந்தபடி கரவெட்டியைத் தோண்டியவள்

சாருஜா யாழ்ப்பாணத்தில் கதிரையில் இருந்தபடியே கரவெட்டியில் நூறு மீற்றர் தோண்டினாள். இயந்திரமில்லை, மண்வெட்டியில்லை, கணினிச் சுட்டியை மட்டும் அழுத்தினாள். நகத்தில் மண்கூடப் படவில்லை. நம்பாதவர்கள் வரிசையில் வரலாம். முதல் ஆள், அடுத்த மேசை லெனாட்.

“ஐம்பது மீற்றர்த் துளை எப்பிடி நூறானது?” என்றார் லெனாட், அவளுடைய திரையை எட்டிப் பார்த்து.

நிலத்தடி நீரை ஆராயும் அலுவலகம் அது. துளையிடும்போது வரும் கல் உருளைகளைப் பெட்டிகளில் அடுக்கிப் படமெடுப்பார்கள். காய்ந்தபடி ஒன்று, நிறம் தெரியத் தண்ணீர் ஊற்றி இன்னொன்று. ஒவ்வொரு படத்துக்கும் துளையின் இலக்கத்தையும் ஆழத்தையும் பெயராக வைத்துக் கொழும்புக் கணினியில் ஏற்றவேண்டும். ஒழுங்காக ஏறாவிட்டால் அந்த வேலையையே கொழும்புக்கு எடுத்துவிடுவார்களாம். சாருஜாவும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

“ஈரப்படத்தை ஏத்தினால், இந்த ஆழத்துக்கு ஏற்கெனவே படம் இருக்கெண்டு சொல்லுது, லெனாட் அண்ணை. அதுதான் அடுத்த ஆழத்தைக் குடுத்தன்.”

“கல்லு குளிச்சாப்போலை கீழை இறங்கிடுமோ?”

சாருஜா ஈரப்படங்களை அழித்தாள். பெயரின் கடைசியில் ‘ஈரம்’ என்று சேர்த்து மறுபடி ஏற்றினாள். அழித்தவை அழியவில்லை. புதியவை அவற்றுக்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டன. துளை இப்போது நூற்றைம்பது மீற்றர்.

“கையை எடும் பிள்ளை. இன்னும் ஒருக்கா அழுத்தினீரெண்டால் உப்புத்தண்ணி மேலை வந்திடும்.”

தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து பொறுப்பதிகாரி அம்மையார்.

“வடக்கில இவ்வளவு ஆழம் வேற யாருமே போனதில்ல. உங்க மெசின்காரருக்கும் போன் பண்ணி வாழ்த்திட்டேன். ரெண்டு வாரத்துல நானே வந்து அளந்து பார்க்கிறேன்.”

“மிஸ், அது வந்து...”

அழைப்பு அறுந்துவிட்டது.

சாருஜா பதறிக்கொண்டு, துளையிட்ட உரும்பிராய்ப் பரமலிங்கத்தை அழைத்தாள். “அண்ணை, கரவெட்டியிலை ஐம்பதுதானே போனனீங்கள்?”

“கொழும்பு என்னவாம்?”

“நூற்றைம்பதாம்.”

“அப்ப நூற்றைம்பதுதான்.”

“பகிடி விடாதேங்கோ. அளக்க வருகினம்.”

“வரட்டும். தேத்தண்ணி குடுப்பம்.”

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவேயில்லை.

அளக்கும் நாளும் வந்தது. அம்மையாரோடு வாகனத்தில் ஏறுமுன் லெனாட் சொன்னார்: “நாடா ஐம்பதிலை முட்டும். நீர் மேசையை ஒதுக்கி வையும்.”

சாருஜா ஒதுக்கினாள். தேநீர்க் கோப்பையும் சாப்பாட்டுப் பெட்டியும் பைக்குள் போயின. கதிரையைக்கூட உள்ளே தள்ளிவிட்டு, எழுந்து நின்றபடியே இருந்தாள்.

போன் அடித்தது. லெனாட்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

“பிள்ளை, நாடா நூற்றைம்பதுக்கும் போகுது. என்ரை கையாலைதான் விட்டனான். புதுப் பெட்டியளும் அடுக்கிக் கிடக்கு; பேர் வைக்க உம்மை வரட்டாம்.”

“எப்பிடி அண்ணை?”

“கொழும்பு வாழ்த்தினபிறகு இல்லையெண்டு சொல்லப் பரமலிங்கத்தாருக்கு மனம் வரேல்லையாம், அண்டைக்கே மெசினைத் திருப்பிக் கொண்டுவந்து மிச்சத்தையும் தோண்டிப்போட்டார்.”