காத்து அண்ணாச்சியும் என் தேனீப் பெட்டிகளும்

எழுபதுகளில் வண்டன்மேட்டில் காற்று வீச வேண்டுமென்றால் முதலில் காத்து அண்ணாச்சியிடம் கேட்டாக வேண்டும். எங்கள் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்களுக்கு அவர்தான் கங்காணி. இடுப்புக் கயிற்றில் எட்டு நாசில் தொங்கும். நாசில் என்றால் பம்புக் குழாயின் நுனியில் திருகும் பித்தளை மூக்கு. அவை கிணுகிணுக்க அவர் நடந்து வந்தால் கோயில் மாடு வருகிறதென்று வழிவிட்டவர்கள் உண்டு. பீடிப் புகை போகிற திசையைப் பார்த்துத்தான் எந்த நாசில் என்று முடிவு செய்வார்.

கல்யாண வீட்டில் பன்னீர்ச் செம்பைக்கூடப் பிடுங்கிப் பார்ப்பார். "ஓட்டை ரொம்பப் பொடிசு வே. மாப்பிள்ளைக்குத் தெளிச்சது மாமியா மேல போகுது" என்பார்.

நான் ஸ்டோர் கிளார்க். ஓடைக்கு அக்கரையில் ஆறு தேனீப் பெட்டி வைத்திருந்தேன். முந்தின வருஷம் மருந்து காற்றில் பறந்து வந்ததில் மூன்று பெட்டி காலி. மிச்ச மூன்றும் போய்விடுமோ என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணாச்சிக்கோ தேனீ என்றாலே குலை நடுங்கும். என் வீட்டுப் பக்கம் டீ குடிக்கக்கூட வரமாட்டார்.

மானேஜர் பொடி ஓட்டைக் கட்சி. "புகை மாதிரி அடிச்சாத்தான்யா எல்லா இலையிலயும் படும்."

"படும் சார். அடுத்த எஸ்டேட் இலையிலயும் படும்" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் காலை பந்தயம். பொடி ஓட்டைச் சாரல் ஓடையைத் தாண்டும், பெரிய ஓட்டைத் துளி கனம், தாண்டாது என்பது அண்ணாச்சி கட்சி. பம்பில் மருந்துக்குப் பதில் துணிக்குப் போடும் நீலம் கலந்த தண்ணீர். மானேஜர் வெள்ளைச் சட்டையோடு என் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வீறாப்பாக நின்றார். இக்கரையில் பொடி நாசிலைப் போட்டு அடித்தார்கள். ஐந்தே நிமிஷத்தில் மனுஷருக்கு நீல அம்மை போட்டுவிட்டது.

அடுத்து பெரிய ஓட்டை நாசில். அக்கரையில் நிற்க இன்னொரு வெள்ளைத் துணி வேண்டுமே? அண்ணாச்சியே தன் கோயில் வேட்டியோடு போய் நின்றார். அதற்குள் முதல் சுற்றுச் சாரலில் தேனீக்கள் கிளம்பியிருந்தன.

"ஓடி வந்துருங்க அண்ணாச்சி" என்று கத்தினேன்.

"அசைஞ்சா சோதனை கெட்டுரும் வே. அடிக்கச் சொல்லும்."

பம்பு காலியாகும்வரை நின்றார், ஐயா, நின்றார். திரும்பி வந்தபோது முகம் பணியாரமாக உப்பி, ஒரு கண் மூடியிருந்தது. மானேஜர் குனிந்து வேட்டியை முன்னும் பின்னும் பார்த்தார்.

"நாளையிலருந்து பெரிய ஓட்டையே போடுய்யா" என்றார்.

அண்ணாச்சி வேட்டியை என் முன்னால் விரித்தார். "நீரும் பாரும் வே. ஒத்தப் புள்ளி இருக்கா?"

பார்த்தேன். இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. கண் நிறைந்து போயிருந்தது.