நாற்றங்காலில் ஆடிய மயில்

புதிதாகக் கேமரா கிடைத்தவரை நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது, கைக்குழந்தையைக்கூட. எங்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் என் கணவர் விதைநெல்லை ஒப்படைத்தார், பாவம்.

பிள்ளைகள் இருவரும் படிக்க வெளியூர் போனபின் எனக்குப் பொழுது விடிவதே அலுப்பாக இருந்தது. அப்போதுதான் கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி தன் பழைய கேமராவைத் தந்தான். அவ்வளவுதான்! எருமை நின்றால் படம், ஈ உட்கார்ந்தால் படம். அலாரம் இல்லாமலே விடியலில் எழுந்தேன். எனக்கே எனக்கென்று ஒரு ஆசையும் வந்துவிட்டது: தோகை விரித்த மயிலை ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும்.

மயிலுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்? விதைத்த நெல்லைத் தின்னக் கூட்டமாக வரும். நாற்றங்காலில் தகரத்தைத் தட்டி அவற்றை விரட்டுவதுதான் அவருடைய காலை வேலை. அதனால் எனக்குக் கிடைத்ததெல்லாம் ஓடும் மயிலின் பின்பக்கம். (அதை வைத்தே ஒரு ஆல்பம் போடலாம்.)

ஒரு ஞாயிறு அவர் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்.

"ஏனுங்க, இன்னைக்குக் காவலுக்கு நான் போறனுங்க."

"நீயா அம்மிணி?" உருகியே போய்விட்டார். "தட்டறத மட்டும் நிறுத்திப்போடாத."

தகரத்தைத் தொட்டால்தானே நிறுத்த! பச்சைப் புடவை கட்டி, தலையில் வாழைச்சருகைப் போட்டுக்கொண்டு வரப்போரம் உட்கார்ந்தேன். கட்டெறும்பு கடித்தும் வாயைத் திறக்கவில்லை. வந்தன! முதலில் பெட்டைகள், பின்னால் மிடுக்காக ஒரு ஆண். மேகம் கறுத்தது. அவன் சிலிர்த்துத் தோகையை விரித்தானே பார்க்கணும்! கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு சந்தோஷம். விரல் வலிக்கும்வரை எடுத்துத் தள்ளினேன்.

மத்தியானம் அவர் பைக்கை நிறுத்துவதற்குள் ஓடிப்போய்க் கேமராவை நீட்டினேன். "பாருங்க, பாருங்க!"

முகம் மலர்ந்து பார்த்தவர் படத்தைப் பெரிதாக்கினார்.

"பின்னால இருக்கறது நம்ம நாத்தங்காலுதான?"

"ஆமாங்க."

"இத்தன பெட்டையும் தலையக் குனிஞ்சுட்டு அங்க என்ன பண்ணுது?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் விருந்து நடந்துகொண்டிருந்தது. (முதல் படத்தில் முளைவிட்ட நெல், கடைசிப் படத்தில் வெறும் சேறு.)

எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடி விதைக்கணும், நடவு தள்ளிப்போகும், ஊரே சிரிக்கும். "இனி இதைத் தொடமாட்டனுங்க" என்று கேமராவை உறையில் போட்டேன்.

அவர் அதை வெளியே எடுத்தார். படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார்.

"பொடுசுல இருந்து தகரத்தத் தட்டி மயில முடுக்கிட்டேதான் இருக்கறேன். இப்படி விரிச்சு நின்னு ஒருநாளும் பாத்ததில்ல அம்மிணி. பெருசாப் போட்டு செவுத்துல மாட்டு."

மாட்டினோம். இப்போதும் விடியலில் கேமராவோடு கிளம்பிவிடுகிறேன். காவலுக்கு மட்டும் என்னை யாரும் அனுப்புவதில்லை. எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், பூனை மீனைத் தூக்கிக்கொண்டு போனாலும், யாரும் யாரையும் திட்டுவதில்லை. லீவுக்கு வரும் பிள்ளைகள்கூடக் கேட்பது ஒன்றுதான்:

"படம் நல்லா வந்துச்சா?"