பாயசக் குண்டானின் ஈர்ப்பு மையம்

உருண்டையாக எதைக் கண்டாலும் அதன் ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடிக்காமல் தொடமாட்டேன் என்கிற இனம் ஒன்று உண்டு. உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். பூசணிக்காயைக் கையில் கொடுத்தால், அதன் வளைவைத் தாளில் வரைந்து, நடு அச்சைச் சுற்றிச் சுழலவிட்டு, மெல்லிய வில்லைகளாக மனத்துக்குள்ளேயே நறுக்கி, ஒவ்வொரு வில்லையின் எடையையும் உயரத்தையும் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்து, அச்சின் மேல் ஒரு புள்ளி வைத்து, "இங்கேதான்!" என்பார். அதற்குள் வீட்டில் ரசம் வைத்துச் சாப்பிட்டே முடித்திருப்பார்கள்.

லாஸ்பேட்டையில் அப்படி ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார். யாரா? நான்தான். வேறு யாரைக் கேலி செய்தாலும் அடி விழும்.

போன மாதம் என் மகள் சுடர்விழிக்கு முதலியார்பேட்டையில், மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு. "அம்மா செய்யற ஜவ்வரிசிப் பாயசம் வந்தா போதும்" என்று போனில் ஏங்கியிருந்தாள். என் மனைவி செந்தமிழ்ச்செல்வி விடியலிலேயே எழுந்து ஒரு குண்டான் நிறையக் காய்ச்சிவிட்டு, ஆட்டோ பிடிக்கச் சொன்னாள். ஸ்கூட்டர் இருக்க ஆட்டோவா? குண்டானை அளந்து, மையம் இருக்கும் உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டின் மேலேயே கயிறு சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் இறுக்கிக் கட்டினேன்.

"ஏங்க, மூடி எங்க?"

"அது கணக்குல வரல. வச்சா மையம் மேல ஏறிடும்."

"பாயசம் வெளிய வந்துட்டா?"

"குண்டான் சாஞ்சாத்தானே வரும்? சாயாது. ஏறு."

வழியில் ஒரு வேகத்தடை. சத்தியமாகச் சொல்கிறேன், குண்டான் இம்மியும் சாயவில்லை. பாயசம்தான் நேராக மேலே எழும்பி என் வேட்டியில் இறங்கியது. என் புத்தகத்தில் இருப்பவை எல்லாம் திண்மங்கள். அவை தளும்புவதில்லை.

சம்பந்தியம்மா பாக்கியலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த முந்திரியைப் பார்த்துவிட்டு, "பாயசம் எங்கங்க சம்பந்தி?" என்றார்.

"கயிறு அவுரவே இல்லைங்க" என்றேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கை நிறைய வளையலோடு சுடர்விழி வந்து குண்டானுக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"கொஞ்சம் இருக்குப்பா" என்றாள். வழியெல்லாம் சாயாமல் நான் காத்துவந்த குண்டானை ஒரு கையால் சாய்த்து, அடியில் கிடந்ததை டம்ளரில் வடித்துக் குடித்தாள்.

ஆகவே, இந்த மாதிரி ஆசாமியிடம் உருண்டையாக எதையும் கொடுக்காதீர்கள். அது போகட்டும், மூடியையும் வைத்திருந்தால் மையம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று நடுவில் நீங்களும் யோசித்தீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டுப் பூசணிக்காயை வேறு யாராவது தூக்கட்டும்.