மூன்று பேர் சேர்ந்தால் கூட்டம்

"வெர்ன், கிண்ணத்தை எடுத்துக்கிட்டு வெளிய போ!" என்றாள் நோரீன்.

"நேத்துதான் ஜனங்க என்னைத் தேர்ந்தெடுத்தாங்க. இன்னிக்குப் பனியில நிறுத்துறியே!"

"எதிர்த்து யாருமே நிக்கலை வெர்ன். போ."

புதன்கிழமை, தேவாலயத்தில் பீன்ஸ் குழம்பு விருந்து. பள்ளி வாரியத்தின் உறுப்பினர்கள், வெர்னோடு சேர்த்து மூன்று பேர், ஒரே வரிசையில் நின்றுவிட்டார்கள். ஐந்து பேர் வாரியத்தில் மூன்று பேர் சேர்ந்தால் அது கூட்டம். ஒரு நாள் முன்பே அறிவிப்பு ஒட்டாத கூட்டம் குற்றம். தலைவர் மில்ஃபோர்ட் சட்டத்தைப் படித்த விதம் அப்படி. அவர் பன்றிப் பண்ணைக்காரர். சட்டத்தையும் அதே கண்டிப்போடு வளர்த்தார்.

வாரியச் செயலாளர் நோரீனுக்கு வேண்டியதும் அதே மூன்று பேர்தான். முறைப்படி, ஓர் அறையில், ஐந்தே நிமிடம். ஒன்றாம் வகுப்பை ஆகஸ்டிலிருந்து தற்காலிகமாக நடத்திவரும் டெஸ்ஸாவை நிரந்தரமாக்க வேண்டும். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் நடக்காவிட்டால் வகுப்பையே மூடிவிட்டு, பத்தொன்பது குழந்தைகளையும் முப்பது மைல் தள்ளி உள்ள பள்ளிக்கு பஸ் ஏற்றச் சொல்லி மாநில வாரியம் கடிதம் போட்டிருந்தது. மீதி இரண்டு உறுப்பினர்களில் ஒருவர் குளிருக்குப் பயந்து அரிசோனா போய்விட்டார். இன்னொருவர் புது முழங்காலோடு ஆஸ்பத்திரியில்.

புதன் மாலைக் கூட்டத்துக்காகத் திங்களன்று ஒட்டிய அறிவிப்பைக் காற்று கொண்டுபோனது. "அறிவிப்பு இல்லேன்னா கூட்டமும் இல்லே," என்று மில்ஃபோர்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வியாழனுக்கு மறுபடி ஒட்டினாள், நான்கு ஆணி அடித்து. பனியில் நின்று குழம்பு குடித்த வெர்ன் வியாழனன்று நூற்று இரண்டு டிகிரி காய்ச்சலில் படுத்துவிட்டான்.

"வெர்ன் போன்ல ஓட்டுப் போடட்டுமே?" என்றாள் நோரீன்.

"போனுக்கு முகம் இருக்கா?" என்றார் மில்ஃபோர்ட்.

நோரீன் பெருமூச்சு விட்டாள். பிறகு வெர்னின் வீட்டுக் கதவிலேயே வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கான அறிவிப்பை ஒட்டினாள்.

வெள்ளி, மாலை நான்கு மணி. வெர்னின் படுக்கையறை. தலைமாட்டில் மில்ஃபோர்ட், பக்கத்தில் இன்னொரு உறுப்பினரான, அழகு நிலையம் நடத்தும் ஆர்லீன், கால்மாட்டில் டெஸ்ஸா. அறிவிப்பைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆறு பேரும் வந்துவிட்டார்கள்.

"பொதுமக்கள் பேசலாம். ஆளுக்கு மூணு நிமிஷம்," என்றார் மில்ஃபோர்ட்.

"ஐயோ, கேக்காதீங்க!" என்றாள் நோரீன். கேட்டாகிவிட்டது. பள்ளி பஸ் தன் புல்வெளியில் ஏறியதை ஓர் அம்மாள் மூன்று நிமிடமும் சொன்னாள். மற்ற ஐந்து பேரும் அந்தப் புல்வெளியைப் பற்றியே பேசினார்கள். வெர்ன் இரண்டு தடவை தூங்கி விழித்தான்.

ஆர்லீன் படிவத்தை எடுத்தாள். "விண்ணப்பதாரர் பள்ளி வாரிய உறுப்பினரா?"

"எனக்கு வாழ்க்கை அவ்வளவு வெறுத்துப் போகலைங்க," என்றாள் டெஸ்ஸா.

"சிரிக்கிற விஷயமில்லே. உறுப்பினரா இருந்தா வேலை கிடையாது," என்றார் மில்ஃபோர்ட். "ஓட்டுக்கு விடுறேன்."

மூன்று கைகள் உயர்ந்தன. வெர்னின் கையை நோரீன் தூக்கிப் பிடித்தாள். மணி நாலு ஐம்பது. அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் ஒரு நாற்காலியில் முழுசாகச் சாய்ந்தாள்.

கதவைத் தட்டிவிட்டு, மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக் குமாஸ்தாப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வெர்ன் சார், தேர்தல்ல நிக்காதவங்க பேரையும் சீட்டுல கையால எழுதிப் போடலாமே, அந்த ஓட்டையெல்லாம் இன்னிக்குத்தான் எண்ணி முடிச்சோம். உங்களுக்கு மொத்தம் முப்பத்தொண்ணு."

"நான் ஜெயிச்சது ஊருக்கே தெரியுமே," என்று முனகினான் வெர்ன்.

"இல்ல சார், ஒண்ணாம் வகுப்புப் பசங்களோட அப்பா அம்மாங்க முப்பத்தஞ்சு பேர் ஆசையா வேற பேரை எழுதியிருக்காங்க," என்று அவள் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்துக் கை நீட்டினாள். "வாழ்த்துகள், டெஸ்ஸா டீச்சர்! செவ்வாய்க்கிழமையிலேருந்தே இவர் இடத்துல நீங்கதான் வாரிய மெம்பர்."