சிமெண்டு மிஷினில் பொரிகடலை

மாரியம்மன் துணை

ரஹாங்கில் நிறைவாக வாழும் அண்ணி குமுதவல்லி அவர்களுக்கு, சுவா தோட்டத்திலிருந்து உங்கள் நாத்தனார் ரதி கைகூப்பி எழுதுவது. இங்கே நாங்களும் கோழிகளும் நலம். அண்ணன் சீனியைக் குறைத்தாரா என்று அறிய ஆவல்.

அண்ணி, உங்கள் மேல் விழுந்த பழியை இன்று ஆயுத பூஜையில் துடைத்துவிட்டேன். போன வருஷம் நான் அண்டாவில் கலந்து கொடுத்த பிரசாதத்துக்கு நீங்கள் வரிசையில் கடைசியில் நின்றீர்கள். உங்கள் கையில் விழுந்ததெல்லாம் முந்திரித் துண்டும் பொட்டுக்கடலையும், முதலில் நின்ற ராக்கம்மாவுக்கு வெறும் பொரி. "அண்ணிக்குன்னு அடியில ஒளிச்சு வச்சிருக்கா லா" என்று அவர் கோயில் முழுக்கச் சொல்ல, இனி இந்தப் படியை மிதிக்கமாட்டேன் என்று நீங்கள் போனீர்கள். நான் ஒளிக்கவில்லை அண்ணி, அண்டாதான் ஒளித்தது. அன்று முதல் கைப்பேசியில் தேடிப் படித்தேன், அடுப்படி டின்களை எல்லாம் குலுக்கிப் பார்த்தேன். குலுக்கினால் கலக்கும் என்றுதானே நினைக்கிறோம்? இல்லை, பிரியும். பெரியது மேலே ஏறிக்கொள்ளும், சின்னது இடுக்கு வழியாக நழுவி அடிக்குப் போய்விடும்.

இந்த வருஷம் கூட்டம் அதிகம் என்று, மண்டபம் கட்டுகிற தர்மராஜ் புதிதாக வாங்கிய சிமெண்டு கலக்கும் மிஷினை, அது சிமெண்டு முகம் பார்ப்பதற்கு முன்பே கேட்டு வாங்கி, வெந்நீரில் கழுவி, மஞ்சள் நீர் தெளித்து, பொட்டு வைத்து, பொரி, கடலை, முந்திரி எல்லாம் கொட்டிச் சுற்றவிட்டேன். சுற்றச் சுற்ற என்ன ஆச்சு தெரியுமா அண்ணி? கடலையும் முந்திரியும் நடுவிலே கூடிக்கிச்சு, பொரி சுத்தி நின்னு காவல் காக்குது. எட்டிப் பார்த்த ராக்கம்மா, "மிஷின்லயும் ஒளிக்கக் கத்துக்கிட்டா பாரு" என்றார். அப்போதுதான் படித்தது ஞாபகம் வந்தது. கொஞ்சம் ஈரம் பட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், நழுவாது. வெல்லத்தை நீர்க்கக் கரைத்துக் காய்ச்சி, நெய் விட்டு, அம்மனை நினைத்துத் தெளித்தேன். கலந்தது பாருங்கள், அப்படிக் கலந்தது! தரையில் குவித்தால் பெரியது ஓரத்துக்கு உருண்டு மறுபடி பிரியும் என்று, மிஷினிலிருந்தே அள்ளிப் பொட்டலம் கட்டவைத்தேன்.

ராக்கம்மா முதல் ஆளாக வாங்கி, திரும்பப் போய்க் கடைசியிலும் நின்று வாங்கி, இரண்டையும் பேப்பரில் கொட்டிக் கிளறினார். கோயிலே பார்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு லா" என்றார். பிறகு குரலை இறக்கி, "குமுதவல்லிகிட்ட நான் சொன்னதை மனசுல வச்சுக்க வேணாம்னு எழுதிடு."

எழுதிவிட்டேன். நம் குடும்பத்துப் பெயர் இப்போது கோபுரத்துக்கு மேலே நிற்கிறது. தைப்பூசத்துக்குத் தலை நிமிர்ந்து வாருங்கள். அம்மன் உங்கள் வீட்டைக் குறையில்லாமல் வைக்கட்டும். அண்ணனுக்கு என் வணக்கம்.

அன்பு நாத்தனார்
ரதி

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் விடிந்துவிட்டது. வெல்லத் தண்ணீர் பட்ட பொரி இரவோடு இரவாக நமுத்துப்போய், ராக்கம்மாவில் தொடங்கித் தோட்டமே வாசலில் நின்று என்னைத் திட்டுகிறது. ஒருவர் பொட்டலமாவது மொறுமொறுவென்று இருந்திருந்தால் மறுபடி உங்கள் பெயர்தான் வந்திருக்கும். அம்மன் கருணை, எல்லாருக்கும் ஒரே அளவாக நமுத்திருக்கிறது. பழி முழுக்க என் மேல்தான். நீங்கள் தைரியமாக வரலாம்.